ரைன் கரைக் கல்லும் மாமாவின்ர ஜேர்மனும்

எங்கட வயசுக்காரருக்குத்தான் இதைச் சொல்லுறன். பால்பல்லு விழுந்து முடிய முதல் இந்த நாட்டில கொண்டுவந்து இறக்கின ஆக்களுக்கு. இப்ப எங்களுக்கு முழங்கால் நோகுது. கண்ணாடி இல்லாமல் மருந்துப் பெட்டியில இருக்கிறதை வாசிக்க ஏலாது. பெத்த பிள்ளையள் ஜேர்மன் பாசையில பகிடி விட்டிட்டு எங்கட முகத்தைப் பாத்துச் சிரிக்குதுகள். அதுகளுக்கு இதைச் சொல்லத் தொடங்கினால் "பிறகு சொல்லுங்கோ மம்மி" எண்டு எழும்பிப் போயிடுங்கள். நீங்கள் இருங்கோ. தேத்தண்ணி ஊத்தியிருந்தால் எடுத்துக்கொண்டு வந்து இருங்கோ.

பாசல் பட்டினத்தில, ரைன் ஆத்தங்கரையில, படி இறங்கித் தண்ணிக்குப் போற இடத்தில, ஒரு நினைவுக்கல்லு நிக்குது, தெரியும்தானே. எங்கட இளசுகள் இப்ப கலியாணப் படம் எடுக்கிற இடம். ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பிளை, ஒரு பெரிய பெட்டி, அதுக்கு மேல ஒரு குழந்தை. எல்லாம் வெண்கலம், பச்சை பிடிச்சுப் போச்சு. ஆம்பிளை ஆறு ஓடுற பக்கம் பாக்கிறார். பொம்பிளை கழுத்தைத் திருப்பிப் பட்டினத்தைப் பாக்கிறா. பெட்டியின்ர ஒரு மூலை மட்டும் தங்கம் மாதிரி மினுங்கும், பிள்ளையள் ஏறி ஏறி இருந்து தேய்ச்சது. வெயில் காலத்தில அந்த மூலை சுடும். சட்டையை இழுத்து விட்டிட்டுத்தான் இருக்கவேணும். அந்தச் சூடு எனக்கு இப்பவும் துடையில தெரியும். மினுங்கினதில ஒரு பங்கு என்ர வேலை எண்டும் சொல்லிக்கொள்ளலாம்.

கீழ கல்லில பெரிய எழுத்தில வெட்டியிருக்கு: ஃபொன் ஹியர் கெகாங்கன். இங்கயிருந்து போனவை. அதுக்குக் கீழ சின்ன எழுத்தில, கடல் தாண்டி எண்டு. அவ்வளவுதான். இந்த நாட்டுச் சனம் கல்லில வெட்டேக்கயும் கதையைச் சுருக்கித்தான் சொல்லும்.

நாங்கள் அப்ப மாமா வீட்டில இருந்தனாங்கள். மாமா எண்டால் அம்மாவின்ர தம்பி. அவரும் மாமியும் ஒரு அறையில, அம்மாவும் நானும் மற்ற அறையில. மாமாவுக்கு ஜேர்மன் தெரியும் எண்டது எங்கட ஆக்களுக்குள்ள ஒரு பெரிய கதை. வயது போன ஆக்களைப் பராமரிக்கிற ஒரு இல்லத்தில, குசினியில அவருக்கு வேலை. காலமை இருட்டோட போய், பின்நேரம் ஒரு பை நிறைய மிஞ்சின பணிசு ரொட்டியோட வருவார். பையைத் திறந்தால் வீடு முழுக்க வெண்ணெயும் சூப்பும் மணக்கும். கடிதம் வந்தால் மாமாதான் வாசிப்பார். டொக்டரிட்டப் போனால் மாமாதான் கதைப்பார். அவர் கதைக்கிற ஜேர்மனை டொக்டர் தலையைச் சரிச்சுக் கேட்டுக்கொண்டு இருப்பார், பிறகு என்னைப் பாப்பார்.

நாங்கள் வந்து ரெண்டாவது சித்திரையிலயோ வைகாசியிலயோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேரும் ரைன் கரையில நடந்து போனம். மாமா கல்லுக்கு முன்னால நிண்டார். எழுத்தைப் பாத்தார். தொப்பியைக் கழட்டினார். "பிள்ளை, சப்பாத்தைக் கழட்டு" எண்டார் எனக்கு. கழட்டினன். எல்லாரும் கழட்டினம். குளிர் கல்லில வெறுங்காலோட நிண்டு கும்பிட்டம். சைக்கிள்ல போன வெள்ளைக்காரர் ரெண்டு பேர் பிறேக் பிடிச்சுப் பாத்தவை. இது கடல்ல செத்துப்போன ஆக்களுக்கு வைச்ச கல்லு எண்டு மாமா விளங்கப்படுத்தினார்.

அவரில பிழை சொல்ல ஏலாது, கேளுங்கோ. அவர் வேலை செய்யிற இடத்தில ஆரும் கண்ணை மூடினால், சாப்பாட்டு மண்டபத்து வாசல்ல ஒரு சின்ன மேசை போட்டு, படம் வைச்சு, மெழுகுதிரி கொளுத்தி, ஒரு மட்டையில எழுதி வைப்பினம், இன்னார் எங்களை விட்டுக் கெகாங்கன் எண்டு. அந்தச் சொல்லைக் கண்டால் மாமா அண்டைக்கு ஒரு கோப்பை குறைச்சுப் போடவேணும். அந்தச் சொல்லு அவருக்குப் படிப்பிச்ச அர்த்தம் அது. எங்கட தமிழும் அப்பிடித்தானே? ஆரும் "போட்டார்", "போயிட்டார்" எண்டு சொன்னால் எந்த இடத்துக்கு எண்டு கேக்கிறமோ? வீட்டை விட்டு வெளிக்கிடேக்க "போறன்" எண்டு சொன்னால் விடுவினமோ? கடைக்குப் போனாலும் "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லவேணும். அப்பிடி வளந்த மனிசன் கல்லில "போனவை" எண்டு வெட்டியிருக்கிறதைக் கண்டால் சப்பாத்தைக் கழட்டாமல் என்ன செய்யும்.

வீட்டுக்கு வரேக்கதான் அவருக்கு மூளை வேலை செய்தது. கடல், சாவு எண்டு ஆருக்கு முன்னால சொன்னம் எண்டு யோசிச்சுத் திடுக்கிட்டுப் போனார். அம்மா முன்னுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தா.

ஏனெண்டால் அப்பா அப்ப கடல்ல.

முதல்ல பொம்பிளையும் பிள்ளையும் எண்டு ஏஜென்சிக்காரன் எங்களை ஏத்திவிட்டவன். அப்பா பின்னால வாறதாய் ஏற்பாடு. எங்கயோ ஒரு துறைமுகத்தில இருந்து மாமா வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தவர், இண்டைக்குக் கப்பல்ல ஏத்தப்போறாங்கள் எண்டு. பிள்ளையைக் கவனமாய்ப் பார் எண்டு அம்மாவுக்குச் சொன்னவர். "சரி, அப்ப நான் போட்டு" எண்டதோட லைன் அறுந்து போச்சு. அதுதான் கடைசி. அப்ப ஒரு வருசத்துக்கு மேலாய் ஒரு சத்தமும் இல்லை.

"வாறன்" எண்டுதான் மனிசன் சொல்ல வந்தது எண்டு அம்மா ஆரைக் கண்டாலும் சொல்லுவா. மாமியிட்டச் சொல்லுவா, கீழ் வீட்டு இத்தாலிக்காரியிட்டக் கையைக் காட்டிச் சொல்லுவா. மாமா வீட்டு ரெலிபோன் நம்பர் சுழட்டுற வகை. கண்டபடி ஊருக்கு எடுக்காமல் இருக்க அதுக்கு ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருந்தவர், ஓட்டைக்குள்ள கொழுவிற பூட்டு. உங்கட வீட்டிலயும் இருந்திருக்கும். இப்ப அப்பிடி ஒரு சாமானைப் பிள்ளையளுக்குக் காட்டினால் என்னெண்டே தெரியாது. வாற அழைப்பைப் பூட்டு மறிக்காது எண்டு தெரிஞ்சும், அம்மா நாளுக்கு நாலு தரம் அந்தப் பூட்டைத் தொட்டுப் பாப்பா.

அம்மாவின்ர குங்குமம் முடிஞ்சுபோன காலமும் அதுதான். பாசல்ல அந்த நாளில குங்குமத்துக்கு எங்க போறது? ஒரு சிவப்பு லிப்ஸ்டிக் வாங்கினா. சொண்டில ஒரு நாளும் பூசினதில்லை. நடுவிரலால தொட்டு நெத்தியில வட்டமாய் வைச்சு, மேல கொஞ்சம் பவுடர் ஒத்துவா. மெழுகும் ரோசாப்பூவும் சேந்த மாதிரி ஒரு மணம். வெயிலுக்கு உருகி மூக்கடிக்கு இறங்கும், அவ திருப்பி வைப்பா. புருசன் இருக்கிற மனிசி பொட்டில்லாமல் இருக்கப்படாது எண்டதில அவ ஒரு நாளும் அசைஞ்சு குடுக்கேல்லை.

கல்லைக் கண்ட நாளுக்குப் பிறகு அம்மா பின்நேரத்தில என்னையும் கூட்டிக்கொண்டு அங்க போகத் தொடங்கினா. எனக்கு இப்பவும் காரணம் முழுக்க விளங்கேல்லை. கடலுக்குப் போன ஆக்களைப் பற்றித் தெரிஞ்ச இடம் இந்தப் பட்டினத்தில அது ஒண்டுதான் எண்டு நினைச்சிருப்பா. கும்பிடமாட்டா. வெண்கலப் பொம்பிளைக்குப் பக்கத்தில போய் நிண்டு, அவ பாக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், ஆறு ஓடுற பக்கம் பாத்துக்கொண்டு நிப்பா. நான் பெட்டியில இருந்து காலை ஆட்டுவன். கம்பியில கட்டின பாதை, ஆக்களை ஏத்துற வள்ளம், எஞ்சின் இல்லாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வரும். காத்து மாறினால் பக்டரிப் பக்கத்தில இருந்து ஒரு மருந்து மணம் வரும். வெக்கையான நாளில பாசல்ச் சனம் உடுப்பைப் பையில போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆத்தோட மிதந்து போகும், தெரியும்தானே. தண்ணிக்கு மேல தலை தலையாய், சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு போகும்கள். அம்மா என்ர கண்ணைப் பொத்துவா. நீச்சல் உடுப்புக்காக எண்டுதான் நான் அப்ப நினைச்சனான்.

அந்த ஆனியில, பள்ளிக்கூட விடுமுறைக்கு முன்னம், ரீச்சர் எங்கட வகுப்பை அதே கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனா. நல்ல உயரமான பொம்பிளை, கதைக்கேக்க குனிஞ்சு எங்கட முகத்துக்கு நேர கதைப்பா. என்னை முன்னுக்குக் கூப்பிட்டு எழுத்தை வாசிக்கச் சொன்னா. வாசிச்சன். என்ன அர்த்தம் எண்டு கேட்டா. செத்துப்போன ஆக்கள் எண்டன். வகுப்பு முழுக்கச் சிரிச்சுது. ரீச்சர் சிரிக்கேல்லை.

இவை சாகேல்லை எண்டு சொன்னா. கிராமத்தில சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போன சனமாம். இந்தப் படியில வள்ளம் ஏறி, ரைனோட கடலுக்குப் போய், கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போனவையாம். வழியில கொஞ்சப் பேர் செத்ததுதான், ஆனால் கனபேர் போய்ச் சேந்து, காடு வெட்டி, மாடு வளத்து, வீடு கட்டி நல்லாய் இருந்தவையாம். இப்பவும் அவையின்ர பேரப்பிள்ளையள் கமராவோட வந்து இந்தக் கல்லைக் கட்டிப்பிடிச்சுப் படம் எடுக்கினமாம். அவை திரும்பி வரேல்லையோ எண்டு ஒருத்தன் கேட்டான். இல்லை எண்டா. கடிதம் போட்டவையோ எண்டு நான் கேட்டன். முதல்ல போட்டவை, பிறகு விட்டிட்டினம் எண்டா. பெண்சாதி பிள்ளையளைப் பிறகு கூப்பிடுறம் எண்டு சொல்லிப்போட்டுப் போன ஆம்பிளையள் சில பேர் அங்க வேற கலியாணம் முடிச்சு இருந்திட்டினம் எண்டும் சொன்னா. சரித்திரம் படிப்பிக்கிற குரல்லதான் சொன்னா. எனக்கு அதெல்லாம் பெரிசாய்ப் படேல்லை. சாகேல்லை எண்டதுதான் எனக்குப் பட்டது.

சப்பாத்து லேஸ் அவிழ்ந்தது தெரியாமல் வீட்டுக்கு ஓடினன். அம்மா குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. மூச்சு வாங்க வாங்க எல்லாத்தையும் கொட்டினன். அம்மா, அவை சாகேல்லையாம், போய்ச் சேந்திட்டினமாம், மாடு வைச்சிருந்தவையாம், கடிதம் போடாமல் விட்டிட்டினமாம், வேற கலியாணமெல்லாம் செய்தவையாம். கேட்ட ஒழுங்கிலயே ஒண்டும் விடாமல் சொன்னன். கெட்டிக்காரி எண்டு சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.

அம்மா கத்தியை நிப்பாட்டினா. "எழுதத் தெரியாத ஆக்களோ பிள்ளை?" எண்டு கேட்டா.

"இல்லையம்மா, தெரியுமாம்."

அவ திருப்பி உரிக்கத் தொடங்கினா. எல்லா வெங்காயமும் முடிஞ்ச பிறகும் தோலைக் கூட்டி ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம் எண்டு தள்ளிக்கொண்டு இருந்தா. இரவு மாமாவுக்கும் இதைச் சொன்னன். அவருக்குச் சரியான கோவம். ரீச்சருக்கு என்ன தெரியும், நான் கிழமைக்குக் கிழமை அந்தச் சொல்லைப் பாக்கிறனான் எண்டு சொல்லிப்போட்டுச் சோத்தைப் பிசைஞ்சார். அந்த வீட்டில மாமாவின்ர ஜேர்மனுக்கு மேல ஜேர்மன் இல்லை.

ஒரு ரெண்டு மூண்டு கிழமைக்குப் பிறகு ரெலிபோன் அடிச்சது. அம்மா ஓடிப்போய்த் தூக்கினா, பிறகு முகம் விழுந்து மாமாவிட்டக் குடுத்தா. மாமாவோட ஊரில படிச்ச ஒருத்தர், கனடாவில இருந்து. நான் பக்கத்தில நிலத்தில இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தன். மாமா முதல் சத்தமாய்ச் சிரிச்சுக் கதைச்சார். பிறகு குரல் இறங்கிப் போச்சு. வடிவாய்ப் பாத்தனியோ எண்டு கேட்டார். ஆளோட கதைச்சனியோ எண்டு கேட்டார். பிறகு ஓம், ஓம் எண்டு மட்டும். வைச்சிட்டு, அந்தக் குட்டிப் பூட்டைக் கையில வைச்சுக்கொண்டு கன நேரம் நிண்டார். என்னவாம் எண்டு அம்மா குசினியில இருந்து கேட்டா. சும்மா, சுகம் விசாரிச்சவன் எண்டார்.

அதுக்குப் பிறகு மாமா அம்மாவின்ர முகத்தைப் பாக்கிறேல்லை. சாப்பிடேக்க அம்மாவின்ர கோப்பையில மீன் துண்டை வைப்பார், போதும், காணும் தம்பி எண்டாலும் இன்னொண்டு வைப்பார். கதவைச் சாத்திப்போட்டு அவரும் மாமியும் குசுகுசுப்பினம். மாமி அழுது மூக்கைச் சீறுறது சுவருக்கு இஞ்சால கேக்கும். பிள்ளைக்குக் கண் இருக்கு, காது இருக்கு எண்டு பெரியாக்கள் ஏன்தான் மறந்து போறவையோ. ஆனால் கண்டும் கேட்டும் நான் என்ன செய்திருப்பன்? ஒண்டும் விளங்கேல்லை.

ஆடி அமாவாசை வந்தது. செத்துப்போன தகப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிற நாள். மாமா ஒவ்வொரு வருசமும் வீட்டில குளியலறைக்குள்ளதான் அதைச் செய்யிறவர், தங்கட ஐயாவுக்கு, என்ர தாத்தாவுக்கு. இந்த வருசம் ஆத்தங்கரையில செய்வம் எண்டார். அந்தக் கல்லடியில செய்வம், நீயும் வா அக்கா, ஐயாவுக்குத் தண்ணி விட்டிட்டு அப்பிடியே அத்தான் வந்து சேரவேணும் எண்டும் கும்பிடுவம் எண்டார். அம்மாவுக்குச் சந்தோசம். இருந்த ஒரே ஒரு நல்ல சீலையைத் தோய்ச்சு, ஜன்னலுக்குக் குறுக்கால கட்டிக் காயவிட்டா. பொட்டு அண்டைக்கு வழமையைவிடப் பெரிசு.

வெள்ளன போனம். மாமா வேட்டி கட்டி, மேல மழை ஜக்கெட் போட்டிருந்தார். ஐயர் எங்க இருந்தவர் அப்ப? ஊரில கீரிமலைத் தீர்த்தத்தில தகப்பனுக்குச் செய்த ஞாபகத்தில தானே எல்லாத்தையும் செய்தார். தர்ப்பைக்குப் பதிலாய் ஆத்தங்கரைப் புல்லை முறுக்கி விரல்ல போட்டார். வேலையிடத்துச் சலாட் கோப்பையில தண்ணி மொண்டார். கமராச் சுருள் வருமே ஒரு கறுப்பு டப்பி, மூடியை அமத்தினால் டப் எண்டு திறக்கும், அதுக்குள்ள எள்ளு. கடைசிப் படியில, கால் நனைய நிண்டு, தங்கட ஐயாவின்ர பேரைச் சொல்லி மூண்டு தரம் விட்டார். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவி நிண்டு பாத்துக்கொண்டிருந்தா, நாயும் பாத்தது.

முடிஞ்சுது எண்டு நினைச்சு நான் பெட்டியில ஏறப் போனன். மாமா திருப்பியும் டப்பியைத் திறந்தார். உள்ளங்கையில கொட்டி, தண்ணி விட்டு, அப்பாவின்ர பேரைச் சொன்னார்.

அம்மா எனக்குப் பக்கத்திலதான் நிண்டவ. சீலையைத் தூக்கினதும் தெரியேல்லை, இறங்கினதும் தெரியேல்லை. மாமாவுக்கு முன்னால தண்ணிக்குள்ள முழங்கால் மட்டும் நிண்டா. மாமா கையைச் சரிக்கேக்க, ரெண்டு கையையும் சேத்து அவரின்ர கைக்குக் கீழ பிடிச்சா. தண்ணியும் கறுப்பும் அவவின்ர கைக்குள்ள விழுந்தது. ஒரு சொட்டும் ஆத்துக்குப் போகவிடாமல் கையை நெஞ்சோட இழுத்தா. விரலுக்கால ஒழுகினது சீலையில விழுந்தது.

"தம்பி, இருக்கிற மனிசனுக்கு இதைச் செய்யக்கூடாது."

"அக்கா, கையை எடு."

"செய்யக்கூடாது" எண்டா திருப்பியும். கத்தேல்லை. சோத்தில உப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லுற மாதிரி ஒரு குரல்.

மாமா படியேறிப் போய், வெண்கலப் பெட்டியில நான் இருக்கிற மூலையில இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வளந்த ஆம்பிளை அழுறதை நான் அண்டைக்குத்தான் கண்டனான். மாமி என்ன செய்யிறதெண்டு தெரியாமல் சலாட் கோப்பையைத் துவாயால துடைச்சுக்கொண்டே இருந்தா.

ட்ராமில நாங்கள் ஈரத்தோட இருந்தம். அம்மா பொத்தின கையை விரிக்கேல்லை. பாதி வழியில விரிச்சு, கிட்டப் பிடிச்சுப் பாத்தா. மணந்து பாத்தா. பிறகு, இது என்ன தம்பி எண்டு கேட்டா. மாமா தலையைக் குனிஞ்சுகொண்டு உண்மையைச் சொன்னார். கறுப்பு எள்ளுக்கு ஊரெல்லாம் அலைஞ்சும் கிடைக்கேல்லையாம். வேலையிடத்தில ஒரு வகைப் பணிசுக்கு மேல கறுப்பாய்த் தூவியிருக்குமே, அதைச் சுரண்டி எடுத்தவராம். இந்த நாட்டுக் கறுப்புக் கசகசா.

அம்மா சிரிச்சா. ட்ராமே திரும்பிப் பாக்கிற மாதிரி. மாமி சிரிச்சா, மாமாவும் கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சார். பாவம், தாத்தாவும் அந்த வருசம் கசகசாவோடதான் போனவர். எல்லாரும் சிரிக்கினம் எண்டு நான் கூடச் சிரிச்சன். பிறகு சிரிப்பு எங்கயோ நிண்டு போச்சு.

பிறகு எங்களுக்குத் தனி வீடு வந்தது. அம்மாவுக்கு ஒரு ஹோட்டல்ல துணி தோய்க்கிற வேலை வந்தது. ஒட்டுப்பொட்டு வந்தது, கோயில் வந்தது, கறுப்பு எள்ளு கிலோக்கணக்கில வந்தது. அப்பா வரேல்லை. அம்மா பொட்டை எடுக்கேல்லை. கலியாண வீடுகளில குங்குமத் தட்டோட வாற பொம்பிளையள் அம்மாவுக்கு முன்னால ஒரு கணம் தயங்குவினம், நீட்டுறதோ விடுறதோ எண்டு. அம்மா தானாய்க் கையை விட்டு எடுத்து வைப்பா. நான் வேற பக்கம் பாப்பன். வளர வளர எனக்கு அது எரிச்சலாயும் இருந்தது, ஒழிக்காமல் சொல்லுறன்.

இந்த வருசம் மாமா என்னைக் கூப்பிட்டார், தனிய வா எண்டு. அவர் இப்ப பென்சன். கூனிப்போனார். நான் போக, மாமி தேத்தண்ணியை வைச்சிட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு போனா.

"பிள்ளை, கொப்பர் மோசம் போட்டார்" எண்டார்.

அப்பா செத்திட்டார் எண்டு சொல்லுறார் எண்டது எனக்கு முதல்ல விளங்கேல்லை. எங்கட வீட்டில அப்பா எண்டால் உயிரோட இருக்கிற ஆளும் இல்லை, செத்த ஆளும் இல்லை. கனடாவில எண்டார். போன மாசத் தொடக்கத்தில எண்டார். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அந்த ரெலிபோன் வந்த நாளில இருந்தே அவருக்குத் தெரியுமாம். கப்பல் அந்தப் பக்கம்தான் போய்ச் சேந்ததாம். கூட்டாளி ஒரு தமிழ்க் கடையில அப்பாவைக் கண்டவராம், ஒரு பொம்பிளையோட, கையில குழந்தையோட. பிறகு இன்னும் ரெண்டு பிள்ளையளாம். எல்லாம் வளந்திட்டுதுகளாம்.

ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன். என்ர குரல் எனக்கே புதிசாய் இருந்தது.

"செத்திட்டார் எண்டால் அக்கா அழுதுபோட்டு எழும்பியிருப்பா. விட்டிட்டுப் போட்டார் எண்டால் எழும்பமாட்டா எண்டு பயந்திட்டன் பிள்ளை. அதுதான் தண்ணி விடப் பாத்தனான். உயிரோட இருந்த மனிசனுக்கு."

மாமாவுக்கு நான் ஏசியிருக்கவேணும். எங்கட ஆயுளையே ஒரு கமரா டப்பிக்குள்ள போட்டு மூடி வைச்சிருந்த மனிசன். ஆனால் முன்னால இருந்தது, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க ஏலாமல் இருந்த ஒரு கிழவன். மருந்துக் குளிசை போட்டாச்சோ எண்டு கேட்டன். அக்காவுக்குச் சொல்லுறதோ விடுறதோ, இனி உன்ர விருப்பம் எண்டார். பாரத்தை இறக்கிப்போட்டு மனிசன் நல்லாய் மூச்சு விட்டார்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சன். ஒவ்வொரு நாளும் அம்மா வீட்டுக்குப் போவன், பொட்டைப் பாப்பன், திரும்பி வருவன். சொல்லாமல் விட்டால், செத்த புருசனுக்குப் பொட்டு வைச்சுக்கொண்டு திரியிறா, அவவின்ர கணக்கில அதைப்போலப் பிழை இல்லை. சொன்னால், இவ்வளவு காலமும் அந்தாள் எங்க இருந்தவர், ஆரோட இருந்தவர் எண்டு சொல்லவேணும். உங்களைக் கேக்கிறன், நீங்கள் என்ன செய்திருப்பியள்?

கடைசியில ஒரு சனிக்கிழமை சொன்னன். அவ கட்டில் விரிப்பு மடிச்சுக்கொண்டிருந்தா. மற்றத் தொங்கலை நான் பிடிச்சுக்கொண்டிருந்தன். அப்பா மோசம் போட்டாராம் அம்மா எண்டன். அவ்வளவுதான் சொன்னன். கனடா எண்டு சொல்லேல்லை. பொம்பிளை எண்டு சொல்லேல்லை, பிள்ளையள் எண்டு சொல்லேல்லை.

"எப்ப?"

"போன மாசத் தொடக்கத்திலயாம்."

அவ விரிப்பை விடேல்லை. சொண்டு அசைஞ்சுது, நாளை எண்ணினா. பிறகு, "அப்ப நான் சாவுத் துடக்கோட கோயிலுக்குப் போயிருக்கிறன்" எண்டா. "தேருக்கும் போனன். தேங்காயும் உடைச்சன்."

அறியாமல் செய்ததுதானே அம்மா எண்டன். அவ அதைக் காதில வாங்கேல்லை. நடந்து வந்து என்ர கையில இருந்த தொங்கலை வாங்கி, தன்ர தொங்கலோட சேத்து, மடிப்பைக் கையால தேய்ச்சா. என்ர முகத்தைப் பாக்காமல்தான் கேட்டா.

"அவையள் முப்பத்தொண்டாம் நாள் காரியத்தை ஒழுங்காய்ச் செய்திருப்பினம் தானே, பிள்ளை?"

நான் "அவையள்" எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. அம்மாவுக்கு எப்ப இருந்து தெரியும், எப்பிடித் தெரியும் எண்டு நான் கேக்கேல்லை.

"செய்திருப்பினம் அம்மா" எண்டன்.